மாப்பிள்ளை வண்டியில் கை வைத்த விவரம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வாயால் சொல்லி, உங்கள் அத்தை கையால் எழுதும் கடிதம். இங்கே அனைவரும் சௌக்கியம், அத்தையின் இடுப்பு நீங்கலாக. உங்கள் சௌக்கியம், என் மகளின் சௌக்கியம், பேரப்பிள்ளைகள் இருவரின் சௌக்கியம், சம்பந்தி வீட்டார் சௌக்கியம் எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். விசாரிப்பை இன்னும் நீட்டினால் விஷயத்தைச் சொல்லும் தைரியம் எனக்குப் போய்விடும்.

விஷயம் உங்கள் பிக்கப் வண்டி. வேலை மாற்றலாகிப் போகும்போது சாவியை என் கையில் கொடுத்து நீங்கள் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. கேட்டை ஒட்டி நின்றீர்கள், இடது கால் செருப்பில் வார் அறுந்திருந்தது, "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க மாமா, வேற எதுலயும் கை வைக்காதீங்க" என்றீர்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, ஒரு தடவை காதில் விழுந்தது போகாது. அதனால் மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டேதான் கை வைத்தேன்.

காரணம் உங்கள் அத்தை. இடுப்பு எலும்புக்குக் கம்பி வைத்துத் தைத்தார்களே, அதற்கப்புறம் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் நடக்கப் பழக வேண்டும். பழக்கிவிடும் அம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார், இந்த ரெண்டு மாசத்துக்குள் கால் மடங்கிப் பழகினால் உண்டு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கோல்தான் என்று. பஸ் படி உயரம், இவளால் காலைத் தூக்க முடியாது. உங்கள் வண்டி என்றால் ஒரு முக்காலியைப் போட்டு மெதுவாக ஏற்றிவிடலாம். ஏற்றினேன். ஆஸ்பத்திரி பதினோரு கிலோமீட்டர், பள்ளம் முப்பத்து நாலு. மூன்றாவது தடவை போய்த் திரும்பி வந்து இறங்கினவள், முக்காலியை எடுத்துச் சுவரோரம் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "இனிமே கட்டித் தூக்கிட்டுப் போனாலும் இந்த வண்டியில ஏற மாட்டேன்" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். வெள்ளி போயிற்று, செவ்வாய் போயிற்று. இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடக்கிறதே நடை என்றாகிவிட்டது.

வண்டி ஏன் இப்படிக் குதிக்கிறது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது மாப்பிள்ளை. நான் கல்குவாரிக்குள்ளே இருபத்தாறு வருஷம் டிப்பர் ஓட்டினவன். கல் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது தொட்டில் மாதிரி ஆடி ஆடி வரும், கொட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது கடைவாய்ப் பல் வரைக்கும் அதிரும். இருபத்தாறு வருஷமும் அப்படித்தான். ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது நேரம் நிறைய இருக்கிறது, தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டுத் தச்சரைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைத்த இரும்புப் பட்டைகள், பக்கத்துக்கு ஆறு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கிறது. அது ஒரு டன் சரக்குக்கு வளைகிற மாதிரி செய்தது. உங்கள் அத்தை எத்தனை கிலோ இருப்பாள்? (எழுதமாட்டேன் என்கிறாள், போகட்டும்.) அந்த எடைக்கெல்லாம் அது வளைந்து கொடுக்காது. பள்ளத்தில் வாங்கிய அடியை அப்படியே மேலே கொடுத்துவிடும்.

சரி, வண்டிக்குப் பாரம்தானே வேண்டும் என்று எட்டு மூட்டை மணலைப் பின்னால் ஏற்றினேன். பலன் தெரிய வேண்டுமே. உங்கள் அத்தை இடத்தில் தச்சரை உட்கார வைத்து, மடியில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரைக் கொடுத்தேன். வீடு திரும்பும்போது டம்ளரில் எத்தனை விரற்கடை மிஞ்சுகிறதோ அதுதான் வண்டிக்கு மார்க்கு. போகும்போது பிரமாதம், விளிம்பில்தான் தளும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பினால் காவலாளி கையைக் காட்டி நிறுத்துகிறான். மூட்டைகளில் ஆறு ஓட்டையாம், ஆஸ்பத்திரி ஏற்றத்திலிருந்து வாசல் வரைக்கும் கோடு போட்ட மாதிரி மணல். ஒரு துடைப்பத்தைக் கொடுத்தான். நானும் தச்சரும் கூட்டினோம். கூட்டியதை மூட்டையில் திரும்பப் போடலாமா என்று கேட்டேன், அதற்கு அவன் பார்த்த பார்வையில் போடாமலே வந்துவிட்டோம். பாரம் குறைந்த வண்டி திரும்பி வரும்போது பழைய குணத்தைக் காட்டியது. டம்ளரில் ஒரு சொட்டு இல்லை, அத்தனையும் தச்சர் வேட்டியில்.

அப்புறம்தான் பட்டைக்காரரிடம் போனேன். அவர் வண்டிப் பட்டை மட்டும்தான் பார்ப்பார், ஹாரன் அடிக்கவில்லை என்றால்கூட எதிர்க்கடையைக் காட்டுவார். வாழ்நாள் முழுக்க இரும்பைத் தட்டித் தட்டிக் காது மந்தம், நாம் கத்த வேண்டும், அவரும் கத்துவார். நாங்கள் ரெண்டு பேரும் ரகசியம் பேசினால் நாலு கடைக்குத் தெரியும். அடியில் இருக்கிற தடித்த பட்டையையும் அதற்கு மேல் ஒன்றையும், பக்கத்துக்கு ரெண்டாக, கழற்றிவிடலாம், மிச்சம் நாலு போதும், ஷாக் புதுசு போடலாம் என்றார். கட்டிப் பிடிக்கிற யூ போல்ட் நீளம் குறைந்ததாக வேண்டும், அது பெரிய கடைத்தெருவில்தான் கிடைக்கும் என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க பஸ்ஸில் அலைந்து, பதினேழு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். எந்தக் கடையில் யார் என்ன சொல்லி இல்லை என்றார்கள் என்பதை வரிசையாகச் சொல்ல முடியும், எழுதுகிறவளுக்குக் கை வலிக்கிறதாம்.

மறுநாள் வண்டியை அவர் பட்டறையில் தூக்கி நிறுத்தினார். சும்மா ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க என்னால் முடியுமா? பின்பக்கமாக வண்டிக்கு அடியில் தலையை விட்டு ஊர்ந்துபோய் மல்லாந்து படுத்தேன். அவர் ஒவ்வொரு பட்டையாகக் கழற்றி, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி, காதை ஒட்டி வைத்துக் கேட்டார். விரிசல் விட்ட பட்டை என்றால் சத்தம் அடைத்துக்கொள்ளுமாம். அந்தக் காதுக்கு அது மட்டும் கேட்கிறது, அதிசயம்தான். கேட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஏதோ கிறுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் இருந்தேன், கம்பி பிரஷ் இருந்தது, பட்டையெல்லாம் துருவேறிக் கிடந்தது. அவர் திரும்பி வருவதற்குள் அத்தனையையும் தேய்த்து எண்ணெய் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்தேன். வந்து பார்த்தவர் முதலில் பிரஷ்ஷைப் பிடுங்கித் தூர வைத்தார். எது வலது பக்கம், எது இடது பக்கம் என்று அவர் எழுதி வைத்திருந்தாராம். நான் கவலைப்படாதீங்க என்றேன். எழுத்து அழியும், என் மண்டையில் ஏறினது அழியாது. ஓரத்தில் சின்னக் குழி விழுந்த பட்டை, நுனி கறுத்த பட்டை, ஒவ்வொன்றும் எந்தக் கைப்பக்கம் இருந்தது என்று ஒப்பித்தேன். அவரும் நம்பி மாட்டிவிட்டார்.

தரையில் இறக்கினால் வண்டி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, யார் பேச்சையோ ஒட்டுக் கேட்கிற மாதிரி நிற்கிறது. தரை சரியில்லை என்றேன். வண்டியைத் திருப்பி நிறுத்தினோம், சாய்வும் கூடவே திரும்பியது. டயரில் காற்று என்றேன். காற்று சமம். தச்சர் வீட்டுக்குப் போய் ரசமட்டத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். டிரைவர் பக்கம் ரெண்டு விரற்கடை தாழ்வு. டிரைவரும் டீசல் டாங்கும் ஒரே பக்கம், அதனால் அந்தப் பக்கத்துப் பட்டைக்கு வளைவு கொஞ்சம் கூடுதல், அது எதிர்ப்பக்கம் போயிருக்கிறது என்று பட்டைக்காரர் கத்தினார். என் ஞாபகம் தப்பாது என்று நானும் கத்தினேன். அரைமணி நேரம் இப்படிப் போனபிறகு தச்சர் மெதுவாக, "பெரியவரே, நீங்க பார்த்தப்ப எப்படிப் படுத்திருந்தீங்க?" என்று கேட்டார். மறுபடி அடியில் ஊர்ந்து போய்ப் படுத்துப் பார்த்தேன். அட. படுத்தால் என் வலது கைப்பக்கம் இருக்கிற சக்கரம், எழுந்து பின்னால் வந்து நின்றால் இடது கைப்பக்கம் போய்விடுகிறது. ஞாபகத்தில் ஒரு குற்றமும் இல்லை மாப்பிள்ளை, ஞாபகம் படுத்திருந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான். பட்டைக்காரர் மறுபடி வண்டியைத் தூக்கி நிறுத்தினார். கழற்றி மாற்றி மாட்டினார்.

அதோடு முடிந்ததா? ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்து, பட்டறை வாசலில் பிரேக்கைத் தொட்டேன். முன்பக்கம் நின்றது. பின்பக்கம் நிற்காமல் சறுக்கிச் சுழன்று எங்களை முந்திக்கொண்டு வந்து நின்றது. வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதற்குக் காரணம் என்ன என்று எதிர்க்கடை மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தேடினபோதுதான் இந்த வயதில் நான் பார்த்த பெரிய அதிசயத்தைப் பார்த்தேன். பின் அச்சிலிருந்து மேலே ஒரு மெல்லிய கம்பி போகிறது. வண்டி பாரத்தில் தாழ்ந்தால் அந்தக் கம்பி போய், சரக்கு ஏறியிருக்கிறது, பின்சக்கரத்தை இறுக்கிப் பிடி என்று பிரேக்குக்குச் சொல்லுமாம். நாம் பட்டையைக் கழற்றியதால் வண்டி தாழ்ந்தது, கம்பி பாவம், ஒரு டன் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டு கோள் சொல்லிவிட்டது. அதைக் கொஞ்சம் திருகி வைத்ததும் சரியாகிவிட்டது. உங்கள் வண்டிக்கு அடியில் இப்படி ஒரு ஆள் இத்தனை நாளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை?

கடைசிப் பரீட்சை நேற்று. தச்சர் மடியில் டம்ளர். பள்ளம் ஒன்றைக்கூட நான் விடவில்லை, விட்டால் பட்டை என்ன செய்கிறது என்று எப்படித் தெரியும்? குவாரியில் பழகின கை, ஒவ்வொன்றிலும் நடுவாக இறக்கி நடுவாக ஏற்றினேன். முப்பத்து நாலும் முடிந்து வீடு வந்தபோது டம்ளரில் பாதி இருந்தது. காலி டம்ளர் எங்கே, பாதி டம்ளர் எங்கே. (இந்த இடத்தில் அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.) வெள்ளிக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். கவிழ்த்த முக்காலியை நிமிர்த்தியும் வைத்துவிட்டாள்.

கழற்றிய பட்டைகள் நாலையும் எண்ணெய் போட்டு, பழைய போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து சரக்கு ஏற்றும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம், எது எந்தப் பக்கம் என்பதை நின்றுகொண்டே மனப்பாடம் செய்திருக்கிறேன். அதுவரைக்கும் அரை டன்னுக்கு மேல் ஏற்றக் கூடாது. உங்கள் பேச்சை மீறியதற்கு மன்னிக்கவும். கோபம் இருந்தால் என் மகளிடம் காட்டாமல் எனக்கே எழுதவும், அத்தை படித்துக் காட்டுவாள். நீங்கள் அனைவரும் நோய்நொடியில்லாமல், குலுங்காமல் நீடூழி வாழ இந்த இரு கிழங்களின் ஆசி என்றும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை நானாக எழுதுவது. உறையை ஒட்டப் பசை வாங்க அவர் கடைக்குப் போயிருக்கிறார். வண்டியில் ஒரு குறையும் இருந்ததில்லை. அவர் போல்ட் தேடி பஸ்ஸில் அலைந்தாரே, அந்தச் செவ்வாய்க்கிழமை தச்சரைக் கேட்டு, அவரை ஓட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். மணலையெல்லாம் இறக்கியாயிற்று, பட்டை ஆறும் அப்படியே இருந்தது. இவர் பரீட்சை வைக்கிறாரே, நாமும் வைப்போம் என்று டம்ளரில் தண்ணீரும் கொண்டுபோனேன். தச்சர் எல்லாரையும் போலப் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறவர். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பாதி வழியில் தாகமெடுத்து அதைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனேன். வீட்டுக்கு வந்தால் இவர் போல்ட்டுகளை மேஜைமேல் வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். என் இடுப்புக்காகப் பதினேழு கடை ஏறினவரிடம் எந்த வாயால் சொல்வது? நானும் சொல்லவில்லை, தச்சரும் வாயைத் திறக்கவில்லை.

கால் இப்போது கொஞ்சம் மடங்குகிறது, விட்டுவிட எனக்கு மனசில்லை. அதனால் ஒரு உதவி. பட்டை மாற்றிய வண்டியை ரெண்டு மாசத்துக்கு மாமா ஓட்டக் கூடாது, தச்சர்தான் ஓட்ட வேண்டும், அந்தக் கம்பி அப்போதுதான் பழகும் என்று ஏதாவது எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வரட்டும், அது எனக்கும் வேண்டும். பெரியவருக்குப் பொய் எழுதக் கூச்சமாக இருந்தால் எழுத வேண்டாம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாலு வரி போடுங்கள் போதும். மிச்சத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டிக்கொள்கிறேன்.