கருவில் இருப்பவரின் கையொப்பம்

குழாய்க்காரரின் மனைவிக்கு ஏழாம் மாதம். இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் பன்னிரண்டடியும் பழைய ஈயக் குழாய்.

"நீங்க குடிக்கிற ஈயம் நேரா பிள்ளைகிட்ட போகும்மா. மூளை இப்பத்தான் வளருது. பின்னால ஞாபகம், கவனம், படிப்பு எல்லாத்திலயும் கை வைக்கும். அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க. குடமும் தூக்காதீங்க. குழாயை மாத்துங்க."

குழாயைத் தொட அனுமதி வேண்டும். ஆகவே குழாய்க்காரர், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகன் என்ற முறையில், மனைவியோடு குடிநீர் அலுவலகம் போனார்.

மேலாளர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாதிக்கப்பட்டவர் யாரு?"

"வயித்துல இருக்கிற பிள்ளை சார்."

"அப்போ கையெழுத்து அவர்தானே போடணும்?"

"அவருக்கு இன்னும் பேரே வைக்கலையே சார்."

"பேர் இல்லாதவருக்கு நாங்க எந்தப் பேர்ல பதில் போடறது? சரி, வயசு?"

"இனிமேத்தான் சார்."

மேலாளர் வயதுக் கட்டத்தில் 'இனிமேல்' என்று அழகாக எழுதினார்.

அடுத்த வாரம் ஓர் ஆய்வாளர் வந்தார். மேற்படி கருவிலிருப்பவர் மேற்படி முகவரியில் வசிப்பதை உறுதி செய்ய வேண்டுமாம். வயிற்றை எட்ட நின்று பார்த்தார்.

"உள்ளே தனிச் சமையலறை உண்டா?"

"இல்லீங்க. என் சாப்பாடுதான் அதுக்கும்" என்றாள் மனைவி.

"அப்போ குடும்பத் தலைவர் இல்லை. விருந்தாளி."

எட்டாம் மாதம் ஆணை வந்தது. 'மூளை பாதிப்புக்கு ஆதாரம் தேவை. குழந்தை ஐந்து வயதில் இவ்வலுவலகத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும். தவறினால் குழாய் மாற்றப்படும். தவறாவிடில் குழாய் நற்குழாய் எனக் கருதப்படும்.'

"அப்பவாவது மாத்துறேங்குறாங்களே!" என்றார் குழாய்க்காரர், மனம் நெகிழ்ந்து.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, ஊருக்கெல்லாம் குழாய் மாத்துறீங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னாவது நினைப்பு இருக்கா?"

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் வீணாய்ப் போயிருந்தது! அவரே குழாயை மாற்றினார்; மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அனுமதியின்றிக் குழாயைத் தொட்டதற்கான நோட்டீசோடு மேலாளரே நேரில் வந்தார். நீட்டினார். நீட்டிய பிறகும் போகவில்லை.

"என் பொண்ணுக்கு நாலாம் மாசம்ப்பா. எங்க வீட்லயும் அதே குழாய்தான். இப்பவே கொஞ்சம் வந்தீன்னா…"

"உங்க ஆபீஸ்லயே சொல்லலாமே சார்?"

"எங்க ஆபீசைப் பத்தி எனக்குத் தெரியாதா!"

குழாய்க்காரருக்கு அன்று வேறு வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நாளைக்கு வாங்க" என்றார்.

சொன்ன வாய் இனித்தது. ஒரு தரம் போதவில்லை.

"நாளன்னிக்குன்னா இன்னும் நல்லது."

நாலாம் மாதத்துக்காரி அன்று வெயிலுக்கு அந்தக் குழாய்த் தண்ணீரை இரண்டு டம்ளர் கூடுதலாகவே குடித்தாள்.