ஜெனரல் அண்ணையின் சுதந்திரப் போர்

அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றி ஜெனரல் அண்ணைக்குத் தெரிந்த அளவு, அதில் சண்டை பிடித்தவர்களுக்கே தெரிந்திருக்காது. கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. மற்ற நேரமெல்லாம் புத்தகத்தில் போர்க்களந்தான்; 'ஜெனரல்' அதனால் நாங்கள் வைத்த பட்டம்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டன் தலைமையகம். ரொறன்ரோ வெறும் கிளை. இங்கே நடக்கும் ஒன்றுகூடலில் குத்துவிளக்கின் முதல் திரியை லண்டன் தலைவரே ஏற்ற வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தது. ஜெனரல் அண்ணை கொதித்துப் போனார்.

"மண்டபம் எங்கட, விளக்கு எங்கட, எண்ணெய் எங்கட. நெருப்பு மட்டும் லண்டனோ? உப்பிடித்தான் அமெரிக்காவிலயும் தொடங்கினது."

அன்றே சுதந்திரப் பிரகடனம்: ரொறன்ரோ இனித் தனிச் சங்கம். செயலாளரான நான் லண்டன் பக்கம். அமெரிக்கர்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்களாம். இவர் என் மனைவி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை எங்கள் சிங்கில் கொட்டினார். "குறை நினையாதையும் தங்கச்சி, இது அரசியல்" என்று சொல்லிக் கோப்பையையும் கழுவி வைத்தார்.

அடுத்தது கிறிஸ்மஸ் தாக்குதல். அமெரிக்கத் தளபதி கிறிஸ்மஸ் அன்று பனியில் ஆற்றைக் கடந்து, அசந்திருந்த எதிரிமேல் பாய்ந்தவராம். இவரும் கொட்டும் பனியில் நாங்கள் இருக்கும் ஸ்ரௌவ்வில் வரை காரோடி வந்தார், எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் இருந்த சங்கக் கொடியைக் கைப்பற்ற. கதவைத் திறந்த என் மனைவி, "வாங்கோ அண்ணை, இடியப்பம் ஆறுது" என்றாள். திரும்பிப் போகும்போது அவர் கையில் அவள் கட்டிக் கொடுத்த ரோல்ஸ் பார்சல் இருந்தது. கொடி பேஸ்மென்றிலேயே கிடந்தது.

கடைசியில் பிரெஞ்சு உதவி. அமெரிக்கர்களுக்குப் பிரான்ஸ் வந்தது. இவருக்குப் பிரெஞ்சு பேசும் மொன்றியலில் இருந்து எங்கள் சங்கக் கிளை வந்தது, ஒரு வான் வண்டி நிறைய. பொதுக்கூட்டத்தில் லண்டனை விட்டுப் பிரியும் தீர்மானத்துக்கு அவர்கள் கை உயர்த்த, நாங்கள் தோற்றோம். உங்களுக்கு இங்கே வாக்கு இருக்கா என்று கேட்க வாய் வரவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் என் மனைவியின் சொந்தக்காரர்.

வென்ற சூட்டில் ஒருவர் எழும்பி, "லண்டனோட நிண்ட ஆக்களைச் சங்கத்தால கலையுங்கோ, வெளியால போகட்டும்" என்றார். கைதட்டல் வேறு. இந்த நகரத்தில் ஊர், உறவு எல்லாமே எனக்கு அந்தச் சங்கந்தான்.

ஜெனரல் அண்ணை மைக்கைப் பறித்தார்.

"அமெரிக்காவில இங்கிலாந்து ராசாவோட நிண்டு தோத்த சனம் எங்க ஓடினது தெரியுமோ? கனடாவுக்கு. தோத்தவை வந்து சேருற இடம் இது. நாங்களும் உப்பிடி வந்தனாங்கள்தான். இஞ்ச இருந்து ஆளை எங்க கலைக்கிறது?"

கலைக்கச் சொன்னவர் திரும்ப உட்கார்ந்தார். நான் சங்கத்தில் இருந்தேன், இருக்கிறேன்.

எத்தனையோ பேரிடம் தோற்றிருக்கிறேன். அந்த மனிதரிடம் தோற்றதற்கு மட்டும் இன்றைக்கும் சந்தோஷம்.