சிவப்புப் புள்ளி போன வழி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. புது ஊரில் குளிர் எப்படி? மாப்பிள்ளை சௌக்கியமா? இங்கே நானும் நலம், உன் அண்ணியும் நலம், அவள் கோபமும் குறைவில்லாமல் இருக்கிறது.

நீ விமானம் ஏறிய அன்று வழியனுப்ப அண்ணன் வரவில்லையே என்று எவ்வளவு நொந்துபோயிருப்பாய்! நடந்ததைக் கேள். ஏர்போர்ட்டுக்கு வழி தவறக் கூடாது என்று ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கினேன். கறுப்பாக, எலிக்குட்டி மாதிரி வாலோடு இருக்கும். அதைக் காரின் கூரைமேல் ஒட்டி, வாலை ஜன்னல் வழியே இழுத்து லேப்டாப்பில் சொருகினால், நாம் போகப் போக வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் கூடவே வரும். முதல் நாள் மார்க்கெட் வரை ஓட்டிப் பார்த்தேன், அபாரம்! அந்தப் பயணத்தைப் பதிவும் செய்துவைத்தேன். அங்கேதான் சனி பிடித்தது.

மறுநாள் லேப்டாப் அண்ணி மடியில். கருவியின் வாலை எந்த போர்ட்டில், அதாவது எந்தத் துளையில், சொருகியிருக்கிறது என்று அது கேட்டது. எனக்கென்ன தெரியும், எதையோ தட்டினேன், புள்ளி நகர்ந்தது. சிக்னலில் நின்றோம். "என்னங்க, நாம நிக்கிறோம், இது பாட்டுக்குப் போகுதே?" என்றாள். "அது நமக்கு முன்னாடியே யோசிக்கும், நீ சும்மா வா" என்றேன். புள்ளி திரும்பிய பக்கமெல்லாம் நானும் திரும்பினேன். "யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று அவள் கெஞ்சினாள், இவ்வளவு பெரிய மிஷினை வெச்சுக்கிட்டு ரோட்டுல போறவன்கிட்ட நான் எதுக்கும்மா கேக்கணும்? கடைசியில் கார் போய் நின்றது வெங்காய மூட்டைகளுக்கு நடுவே. லேப்டாப் முதல் நாள் மார்க்கெட்டுக்குப் போன பதிவை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது! கருவி கூரைமேல் சும்மா வெயில் காய்ந்திருக்கிறது. மனசே ஆறலைம்மா. இருக்கறது ஒரே தங்கச்சி, இனி எந்த வருஷம் வருவியோ, தலையில கை வெச்சு "போயிட்டு வா"ன்னு சொல்லக்கூட எனக்குக் கொடுத்துவைக்கலை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழுங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: இதைப் படித்துவிட்டு அண்ணி, "நீங்க உண்மையை எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்கிறாள். மார்க்கெட்டுக்குப் போனது நிஜம். ஆனால் அங்கே ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்துவிட்டோம், நேரமும் இருந்தது. நீ வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிட வாயெடுத்தேன், அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு. நான் அழுதா நீ கிளம்ப மாட்டியேன்னு, அண்ணி கையையும் பிடிச்சுக்கிட்டு ஒரு தூணுக்குப் பின்னால நின்னுட்டேன். நீ கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ளே போறவரைக்கும் பார்த்துக்கிட்டேதாம்மா இருந்தேன்.