தானாகப் போகும் மன்னிப்பு

"வேலைன்னு உக்காந்துட்டா, நான் ஒருத்தி இருக்கேன்கிறதே உனக்கு மறந்துடும்" என்று சொல்லிவிட்டு, மனைவி பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. அவன் கணினிக்கு நிரல் எழுதுகிறவன்; உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும். மறதிக்கும் அவனுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். நேரம் பார்த்துத் தானாகச் செய்தி அனுப்ப ஒரு நிரல் எழுதினான். காலையில் "எழுந்தாச்சா கண்ணு?" மதியம் "சாப்பிட்டியா?" சாயங்காலம் "கால் வலிக்குதா?" இருட்டியதும் "தப்பு என்மேலதான். வீட்டுக்கு வா."

காலையில் போனது: "தப்பு என்மேலதான். வீட்டுக்கு வா."

மதியமும் அதே. சாயங்காலமும் அதே.

பதில் வந்தது. "மன்னிப்பு கேக்கக்கூட ஆள் வச்சிருக்கியா?"

அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தாள். "நீ ஒவ்வொரு வேளைக்கும் அதுக்கான வாக்கியத்தைக் கையில குடுக்கலடா. பெட்டியில இருக்கிறதை எடுத்துட்டுப் போன்னு வழிதான் காட்டியிருக்க. இருக்கிறது ஒரே பெட்டி. அதுங்க திறக்கும்போது கடைசியா போட்டதுதானே கிடக்கும்?"

ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி வைத்தான். இந்த முறை அவளுக்கு அனுப்புமுன் சோதித்துவிட நினைத்து, மனைவியின் அக்கா கணவரான சகலையைக் கூப்பிட்டான்.

"அண்ணா, காலைல ஒரே ஒரு செய்தி வரும். சரியா வருதான்னு சொன்னா போதும்."

"அனுப்புங்க தம்பி. எனக்கு வேற யார் அனுப்பப் போறாங்க?"

மனைவிக்கான அமைப்பை நகல் எடுத்து, நகலில் மட்டும் சகலையின் எண்ணைப் போட்டான். காலையில் நகல் ஒருமுறை ஓடும்; மதியத்திலிருந்து அசல் மனைவிக்கு ஓடும் என்பது திட்டம்.

மறுநாள் காலையில் சகலை எழுதினார்: "எழுந்துட்டேன் தம்பி." அவன் நிம்மதியாக வேலையில் மூழ்கினான்.

மதியம்: "சாப்பிட்டேன். நீங்க?"

அது மனைவிக்குப் போயிருக்க வேண்டிய செய்தி.

சாயங்காலம்: "கால் இல்ல தம்பி, முட்டிதான் வலிக்குது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

கைப்பேசியை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு நிரலைக் குடைந்தான். பக்கத்து மேசை அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"இது நகல் இல்லடா. ஒரே வீட்டுக்கு ரெண்டாவது வாசல். இந்த வாசல் வழியா போய் சாமானை மாத்துனா, அந்த வாசல் வழியா வர்றவனுக்கும் மாறித்தான் இருக்கும்."

"அப்போ அவளுக்கு?"

"இன்னிக்கு ஒண்ணுமே போயிருக்காது."

நேற்று ஆள் வைத்தாவது மன்னிப்பு கேட்டான். இன்று அதுவும் நின்றுவிட்டது. இனி அவள் வரவே மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. கை மறுபடியும் விசைப்பலகைக்குப் போனது.

"தொடாத" என்றாள் அக்கா. "எழுந்து போ."

கைப்பேசியைக்கூட எடுக்காமல் ஓடினான். மூச்சிரைக்கப் போய்ச் சகலை வீட்டுக் கதவைத் தட்டினால், அப்போதுதான் வேலைவிட்டு வந்த சகலை, முட்டியைத் தேய்த்துக்கொண்டே திறந்தார்.

"அண்ணா, அவ என்மேல ரொம்பக் கோவமா இருக்காளா? உள்ள வரலாமா?"

சகலை அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கீங்களா தம்பி? நேத்தெல்லாம் மன்னிப்பு கேட்ட மனுஷன் இன்னிக்கு மூச்சே விடல, போனையும் எடுக்கல, என்னமோ ஆயிடுச்சுன்னு அழுதுக்கிட்டே, செருப்புகூட மாட்டாம உங்க வீட்டுக்கு ஓடியிருக்கா."