ஒற்றை நாற்காலி பார்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். தங்கள் தங்கையும் பார்வைக்குச் சௌக்கியமாகத்தான் தெரிகிறாள். கேட்டுச் சொல்லும் நிலையில் நான் இல்லை. அங்கே எல்லோரும் சௌக்கியம் என்பதைத் தாங்கள் வாரம் தவறாமல் அனுப்பும் கடற்கரைப் புகைப்படங்களின் வாயிலாக அறிந்துகொண்டேன்.

பொருள்: வருகிற பத்தொன்பதாம் தேதி காலை வண்டியில் தங்கள் தங்கை தங்கள் வீட்டுக்கு வருவது பற்றியும், அதற்குக் காரணமான கொல்லைப்புறக் கட்டுமானம் பற்றியும்.

அவள் வருவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறாள், திரும்பி வருவதற்கு எடுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதிலும் ஆட்சேபணை இல்லை. ஆனால் போனில் தங்களிடம் அவள், "கொல்லையில தனக்குன்னு ஒரு கூண்டு கட்டிக்கிட்டு அந்த மனுஷன் உள்ளே போய் உக்காந்துட்டாருண்ணா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. கூண்டு என்பது தவறான தகவல். அது பார். அதுவும் தாங்கள் கட்டச் சொன்ன பார். ஆகவே நடந்ததை நடந்தபடி தெரிவிப்பது என் கடமையாகிறது.

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம் தாங்கள் ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். கீற்று வேய்ந்த கூரை, மூங்கில் கால்கள், பின்னால் கடல், முன்னால் தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் உயரமான முக்காலிகளில் உட்கார்ந்து ஆளுக்கொரு இளநீரில் குழல் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு போன் செய்து, "மாப்பிள்ளை, முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுன்ட்டர்ல உக்காந்து ஊருக்கெல்லாம் பதில் சொல்லிட்டீங்க. இனிமே என் தங்கச்சியோட நாலு வார்த்தை பேசுங்க. கொல்லையில எடம் சும்மாதானே கெடக்கு? இதே மாதிரி ஒரு பார் கட்டிருங்க" என்றீர்கள். நான் குடிப்பதில்லையே என்றேன். "பாருங்கிறது குடிக்கிற எடமில்ல மாப்பிள்ளை, பேசற எடம்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் காரியத்தில் இறங்கினேன்.

பேசுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விசாரணை கவுன்ட்டருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக அறுநூறு கேள்விகள் வரும். வண்டி எத்தனை மணிக்கு, எந்தத் தளம், ஏன் இன்னும் வரவில்லை, கழிவறை எங்கே, இந்த வண்டி அந்த வண்டிதானா. அறுநூறுக்கும் பதில் சொல்லிவிட்டு வீடு வந்து சேரும்போது என்னிடம் மிச்சமிருப்பது ஒரே ஒரு "ம்"தான். தங்கள் தங்கை இதைப் பெரிய குறையாகச் சொல்வாள். "ஊரானுக்கு வாய் கிழியப் பதில், பொண்டாட்டிக்கு ஒரு ம்." ஓய்வு பெற்றால் சரியாகிவிடும் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். நான் ஓய்வு பெற்ற செய்தி என் வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

தச்சரை வரவழைத்துப் படத்தைக் காட்டினேன். நல்ல வேலைக்காரர், ஆனால் ஒன்றுக்கு மூன்று கேள்வி கேட்பவர். படத்தில் அளவு இல்லையே என்றார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த கவுன்ட்டர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், ஆகவே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனேன்: பலகை உயரம் நாற்பத்திரண்டு அங்குலம், உள்ளே மூன்றடிக்கு மூன்றடி, முன்பக்கம் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் அரைவட்டமாக ஒரு சந்து, முகத்துக்கு நேரே பேசுவதற்குச் சின்னச் சின்னத் துளைகள். "சார், பாருக்கு எதுக்கு சார் கண்ணாடி?" என்றார். "தூசி" என்றேன். "வெளிப்பக்கம் ஸ்டூல் எத்தனை போடட்டும்?" "ஸ்டூலா? உக்கார வச்சா எவனாவது எழுந்து போவானா? பின்னாடி நிக்கறவங்க என்ன பண்ணுவாங்க?" அவர் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார். துணி காயும் கயிறு, பழைய வாளி, நான். "உங்க வீட்டுக் கொல்லையில பின்னாடி யாரு சார் வந்து நிக்கப் போறாங்க?" என்றார். அதுபற்றித் தகவல் இல்லை என்றேன். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு மரத்தை அறுக்கத் தொடங்கிவிட்டார்.

கடற்கரைத் தோற்றம் வந்தே ஆக வேண்டும் என்று தாங்கள் வலியுறுத்தியதால் அதிலும் நான் குறை வைக்கவில்லை. கூரைக்குக் கீற்று வேய்ந்தோம். அதைக் குருவிகள் தங்களுக்கு வந்த சரக்கு என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாராக உருவ ஆரம்பித்தன; பதினைந்தே நாளில் தெற்குப் பக்கக் கூரை முழுவதும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மூன்று கூடுகளாக இடம் மாறிவிட்டது, அவை என் கூரையைவிட நன்றாக வேயப்பட்டிருக்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மூங்கிலைத் தச்சர் பச்சையாகவே ஊன்றிவிட்டார் போலிருக்கிறது, ஒரு மழை பெய்ததும் வலதுகால் துளிர் விட்டது, "வேர் புடிச்சிருச்சு சார், இனி அசையாது" என்று அவர் அதையும் தன் கைவண்ணமாகச் சொல்லிக்கொண்டார், இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பாருக்கு முடி வெட்டிவிட வேண்டியிருக்கிறது. பச்சை விளக்கு எரியும் பிளாஸ்டிக் தென்னை ஒன்று வாங்கி நட்டேன். ஜூஸ் டம்ளரில் சொருகும் காகிதக் குடைகள் ஒரு பெட்டி வாங்கினேன். ஆனால் கண்ணாடிக்கு அடியில் உள்ள சந்து நான்கு அங்குலம், டம்ளர் ஆறு அங்குலம். டம்ளரைச் சாய்த்து வெளியே தள்ளினால் ஜூஸ் முன்னால் போய்விடுகிறது, டம்ளர் பின்னால் போகிறது. ஆகவே ஜூஸைச் சாஸரில் ஊற்றித் தருவது என்றும், குடையைத் தனியாகக் கையில் கொடுத்துவிடுவது என்றும் முடிவு செய்தேன்.

எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் தங்கள் தங்கை முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, சமையலறை நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். பாரை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு நாற்காலிதான் கொள்ளும், அதில் நான் இருந்தேன். "நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டாள். "வெளிப்பக்கம் வந்து நில்லு, கண்ணாடி வழியாவே பேசலாம், அதுக்குத்தான் ஓட்டை போட்டிருக்கு" என்றேன். தகவல் என்ற அளவில் அதில் தவறு ஒன்றும் இல்லை. அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அந்த நடை ஏனோ என் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அன்றைக்கே தங்களுக்குப் போன் போனது, டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சண்டைக்கு வந்தார். என் தென்னையின் பச்சை வெளிச்சம் அவர் ஜன்னலில் அடித்து, நூலின் நிறம் மாறித் தெரிந்து, ஒரு நீலச் சட்டைக்குப் பச்சை நூலில் காஜா எடுத்துவிட்டாராம். சட்டையோடுதான் வந்தார். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, நேரே வந்து துளைகளுக்கு எதிரில் நின்றார். நானும் பழக்கதோஷத்தில் "சொல்லுங்க" என்றேன். அந்த அம்மாள் சட்டையை மறந்துவிட்டு, "என் பையன் வெளியூர் போயி நாலு மாசமாச்சு சார், கோவிச்சுக்கிட்டுப் போனான், எப்ப வருவான்னே தெரியல" என்றார். கடைசியாக எப்போது பேசினான் என்று விசாரித்தேன். போன வாரம் போன் செய்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டானாம். "வண்டி கெளம்பிருச்சும்மா. வழியில எங்கயோ நிக்குது. வந்துரும், நேரம் மட்டும் சொல்ல முடியாது" என்றேன். அவர் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாஸரில் இருந்த ஜூஸைக் குடித்துவிட்டு, குடையையும் வாங்கிக்கொண்டு போனார்.

அது முதல் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டு லாரி டிரைவர் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டார், இணைப்பு வண்டி உறுதியாகாமல் இறங்க வேண்டாம் என்றேன். தச்சரே ஒரு நாள் வந்து வரிசையில் நின்றார். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம், "நான் போயி பேசறதா, இல்ல அவன் வந்து பேசட்டும்னு இருக்கறதா சார்?" என்றார். "ரெண்டு பக்கமும் அதே தூரம்தான். எந்த வண்டி முதல்ல கெளம்புதோ அதுல ஏறிருங்க" என்றேன். போகும்போது தனக்குப் பின்னால் நின்ற ஐந்து பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பத்து முதல் ஒன்று, இரண்டு முதல் ஐந்து என்று ஒரு பலகையும் எழுதி மாட்டிவிட்டேன்.

இத்தனையையும் தங்கள் தங்கை சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மதியம் நான் சாப்பிட வந்தபோது, "அந்த டிரைவருக்கு அஞ்சு வார்த்தை. தையல்காரம்மாவுக்குப் பத்து வார்த்தை. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். தண்ணி மோட்டார் ஏன் கத்துதுன்னு மூணு நாளா கேக்கறேனே, எனக்கு?" என்றாள். என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்பது தங்களுக்கே தெரியும். பெட்டி இரண்டு நாளாகக் கட்டிலின் மேல் திறந்தே கிடக்கிறது. எடுத்து வைக்கிறாள், பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி எடுத்து வைக்கிறாள். பொறுமையான வேலைதான்.

ஆகவே பத்தொன்பதாம் தேதி தாங்கள் கவனிக்க வேண்டியவை. வண்டி இங்கே ஆறு பத்துக்கு மூன்றாம் தளத்தில் கிளம்பும், வழியில் இரண்டு இடத்தில் நிற்கும், தங்கள் ஊருக்கு ஒன்று நாற்பதுக்கு வரும் என்று அச்சடித்திருப்பார்கள், இரண்டு ஐந்துக்கு வரும். அவளுக்கு வண்டியில் தூக்கம் வந்தால் தலை வலப்பக்கம்தான் சாயும், இவ்வளவு நாளும் அந்தப் பக்கத்தில் நான் இருந்தேன், இந்தத் தடவை ஜன்னல் கம்பி இருக்கும். இறங்கும்போது வலது முழங்கால் மடங்காது, கையைக் கொடுத்தால் வேண்டாம் என்பாள், கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலையில் காபி குடித்து ஐந்து நிமிடம் ஆன பிறகுதான் பேச்சுக் கொடுக்கலாம். பிறகு அவளே கேள்வி கேட்பாள், நிறையக் கேட்பாள், அவற்றில் பாதிக்கு அவளுக்கே பதில் தெரியும், இருந்தாலும் கேட்பாள். தயவுசெய்து "ம்" சொல்ல வேண்டாம். இவை எல்லாம் கோப்பில் உள்ளபடி தெரிவிக்கப்படுகின்றன. மற்றபடி எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகள் மேன்மேலும் படித்து, நேரத்துக்குக் கிளம்பி, நேரத்துக்குச் சேரும்படியான வாழ்க்கை அமைய என் ஆசிகள். தங்கள் தங்கையைப் பத்திரமாக அனுப்பிவைக்கிறேன். அங்கே அவள் சந்தோஷமாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதவும்; இல்லாவிட்டால் இரண்டு வரி எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
விசாரணைப் பிரிவு (ஓய்வு).

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் இது. இன்று மாலை நான்கு முப்பதுக்கு வரிசையில் லாரி டிரைவருக்குப் பின்னால் தங்கள் தங்கை நின்றுகொண்டிருந்தாள். டிரைவர் "நீங்க முன்னாடி போங்கம்மா" என்றதற்கும் நகரவில்லை, தன் முறை வந்த பிறகுதான் துளைகளுக்கு எதிரே வந்தாள். "சொல்லுங்க" என்றேன், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் எனக்கு யாரையும் ஒருமையில் பேச வராது. "பத்தொம்பதாம் தேதி காலை வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். டிக்கெட் அவள் கையில்தான் இருந்தது, நேரம் அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. என் முப்பத்தொரு வருட சர்வீஸில் நான் ஒருமுறைகூடத் தவறான தகவல் கொடுத்தது கிடையாது, வேண்டுமானால் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். "அந்த வண்டி ரத்து" என்றேன். "ரத்தா?" "ரத்து." "எதனால?" இதற்குத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்வதுதான் வழக்கம். வாயைத் திறந்தேன், "நீ போயிட்டா என்னால இந்த வீட்டுல இருக்க முடியாது" என்று வந்துவிட்டது. பின்னால் நின்ற தையல்காரம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கள் தங்கை டிக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லவேளை, விசாரிச்சுட்டுக் கெளம்பலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் இருப்பதை எடுத்து அலமாரியில் வைக்க உள்ளே போய்விட்டாள். நானும் இருபது நிமிடம் முன்னதாகவே கவுன்ட்டரை மூடிவிட்டு உதவிக்குப் போகிறேன், அப்படியே அந்த மோட்டாரையும் பார்க்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி உட்பக்கத்தை ஆறடியாக்கச் சொல்லித் தச்சருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். அவள் சந்தேகப்பட்டுத் தங்களுக்குப் போன் செய்து கேட்டால், வண்டி ரத்து என்றே தாங்களும் சொல்லவும். மறுபடி எப்போது ஓடும் என்று கேட்டால், தகவல் இல்லை.