பிரெஞ்சுக்காரன் சாகாத ஞாயிற்றுக்கிழமை

சான் ஹசிந்தோ,
மார்ச் 4, புதன்கிழமை.

என் மகளின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவரும், முப்பது ஆண்டுகள் என்னைத் தம் கையாலேயே கொன்றவருமான பெருமதிப்பிற்குரிய கொம்பாத்ரே எரிபெர்த்தோ அவர்களுக்கு,

இக்கடிதம் உம்மை நல்ல உடம்போடும், மோந்தெர்ரேய் நகரத்தில் மகள் வீட்டுச் சாப்பாட்டால் சற்றே முன்னேறிய வயிற்றோடும் வந்து சந்திக்கும் என்று நம்புகிறேன். உம் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் குவாதலூப்பே மாதா காக்கட்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதியாயிற்று. இனி உண்மையை எழுதுகிறேன்: சுகமில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீர் சிரித்தால் எனக்குக் கேட்கும். கடிதத்தைப் படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளும், எனக்குத் தெரியப்போவதில்லை.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் போரில் பிரான்சு ஜெயித்துவிட்டது. ஆமாம், ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் வருஷம் பிப்ரவரி இருபத்தாறாம் தேதி நம் முப்பாட்டன்மார் அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓட ஓட விரட்டிய அதே பிரெஞ்சுப் படை. வருஷா வருஷம் அதே நாளில், அதே சதுக்கத்தில், மேட்டுத்தெருவில் பிறந்தவனெல்லாம் மெக்சிகோக்காரனாகவும் ஆற்றுத்தெருவில் பிறந்தவனெல்லாம் பிரெஞ்சுக்காரனாகவும் நின்று நாம் நடத்திக் காட்டுகிறோமே, அந்தப் போர். ஜெயித்த படைக்குத் தலைவன் நான். ஊர் முழுக்கத் துரோகி என்று பெயர் வாங்கியிருப்பவனும் நான். இதற்கெல்லாம் காரணம் நீர். நீர் மகள் வீட்டுக்குக் குடிபோகாமல் இங்கேயே இருந்து, மெக்சிகோ கேப்டனாக வந்து, வழக்கம்போல் பன்னிரண்டு மணிக்கு என்னைக் குத்தியிருந்தால் நான் வழக்கம்போல் செத்திருப்பேன், எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

முதலில் தேதியில் ஆரம்பித்தது கோளாறு. முனிசிபாலிட்டிக்குக் கலாசாரம் பார்க்க யாதிரா என்று ஒரு பெண்ணைத் தலைநகரிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். படித்த பெண், கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை தொங்கும், குளிக்கும்போது கழற்றுவாளா என்று தெரியாது. ஜனவரியில் கமிட்டிக் கூட்டம் போட்டு, "இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமையா வருது, யாரு வருவாங்க? மார்ச் ஒண்ணு, ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டேன், வெளியூர் ஜனமும் வரும்" என்றாள். நான் எழுந்து கேட்டேன்: "ஏம்மா, வெள்ளைக்காரன் நமக்கு லீவு நாள் பார்த்தா படையெடுத்து வந்தான்?" அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தோன் ஃபிதென்சியோ, இருபத்தி நாலு கொடி நாள், பள்ளிக்கூட பேண்டு அன்னிக்கு வாசிச்சு களைச்சுப் போயிருப்பாங்க. சரித்திரம் நாலு நாள் பொறுத்துக்கும்." சரித்திரம் பொறுத்துக்கொள்ளுமாம்! தவக்காலத்து ஞாயிறு, பூசை முடிந்து சாமியார் வாசலில் நிற்கும்போது வெடிமருந்து கொளுத்தினால் அவர் பொறுத்துக்கொள்வாரா என்று அவள் கேட்கவில்லை.

அடுத்தது ஆள் கணக்கு. மேட்டுத்தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் வேலைக்காக வடக்கே எல்லை தாண்டிவிட்டார்கள், மீதிப்பேர் உம்மைப்போல் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பெயர் கொடுத்த மெக்சிகோக்காரர்கள் பதினாலு பேர். பிரெஞ்சுக்காரர்கள் அறுபத்து மூன்று பேர். ஆற்றுத்தெருக்காரனுக்கு வெளியே போகத் துப்பில்லை, அதனால் பிரான்சு நாளுக்கு நாள் பலம் பெற்றுக்கொண்டே போகிறது. யாதிரா உடனே, "இருபது பேர் அந்தப் பக்கம் மாறிடுங்க, சரியாயிடும்" என்றாள். கமிட்டி அறையில் ஒரு சத்தம் கிளம்பியது பாரும்! தச்சர் நிக்கானோர் மேசையை ஓங்கி அறைந்து, "எங்க தாத்தா பிரெஞ்சுக்காரனா செத்தாரு, எங்க அப்பா பிரெஞ்சுக்காரனா செத்தாரு, நான் மட்டும் மெக்சிகோக்காரனா உசிரோட இருக்கணுமா? என்னைப் பார்த்தா மானம் கெட்டவன் மாதிரி இருக்கா?" என்று கத்தினார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். கடைசியில் இரண்டே பேர்தான் மாறச் சம்மதித்தார்கள், அதில் ஒருவன் சண்டை நடக்கும்போதே பழக்கதோஷத்தில் எங்கள் பக்கம் வந்து நின்றுகொண்டான்.

மூன்றாவது கோளாறு, உம் இடத்துக்கு வந்த ஆள். மருந்துக்கடை அன்செல்மோ! எழுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் வாதம், கண்ணாடி இல்லாவிட்டால் சொந்த மனைவியையே "என்ன மருந்து வேணும்?" என்று கேட்பவர். ஆனால் மேட்டுத்தெருவில் பிறந்தவர், குதிரையில் உட்கார்ந்தால் படத்தில் நன்றாக விழுவார், அதனால் கேப்டனாக்கிவிட்டார்கள். ஒத்திகையில் அரிவாளை என் விலாவுக்கும் கைக்கும் நடுவே வைத்து, "வலிச்சா சொல்லுங்க, தோன் ஃபிதென்சியோ" என்கிறார். இவர் கையால் நான் சாக வேண்டுமாம்! உம் கையால் சாவதில் ஒரு மரியாதை இருந்தது. குத்துவதற்கு முன்னால் என் காதோரம், "வலது பக்கம் குதிரைச் சாணி கெடக்கு கொம்பாத்ரே, இடது பக்கமா விழுங்க" என்று சொல்வீரே, அந்த மனிதத்தன்மை இவரிடம் எங்கே? பிறகு "ஐயோ, என் பிரான்சே!" என்று கத்தி, இரண்டு சுற்றுச் சுற்றி நான் விழுவேன். மேயர் பேசி முடிக்கும்வரை மூச்சுக் காட்டாமல் வெயிலில் கிடப்பேன். ஒரு வருஷம் நாய் வந்து முகத்தை நக்கியபோதுகூட நான் அசையவில்லை. இதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததைக் கேளும். பத்து மணிக்குத் துப்பாக்கி வெடிக்க ஆரம்பித்தது. அறுபது சொச்சம் பேரைப் பதினைந்து பேர் எப்படிக் கொல்வது? நான் என்னால் முடிந்ததைச் செய்தேன், என் படை வரிசையில் குறுக்கும் நெடுக்கும் ஓடி, "சாகுங்கடா, சீக்கிரம் சாகுங்கடா! மணியாகுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எந்த நாட்டுக் கர்னலாவது தன் படைக்கு இப்படி உத்தரவு போட்டிருப்பானா? நல்ல பிள்ளைகள், செத்தார்கள். ஆனால் வெயிலில் சாக மாட்டேன் என்று பாதிப்பேர் சோடாக் கடைத் தாழ்வாரத்தில் நிழல் பார்த்துப் போய்ச் செத்தார்கள், அங்கே செத்த இடத்திலேயே குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோப் பக்கம் வெடிமருந்து தீர்ந்துவிட்டது. நாலு பேருக்கு மூச்சிரைத்து, கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி அடித்தது. அன்செல்மோ குதிரையிலிருந்து இறங்கி, அரிவாளை உயர்த்தி, "மெக்சிகோ வாழ்க!" என்று என்னை நோக்கி ஓடி வந்தார், பாதி தூரத்தில் முட்டி மடங்கி, என் பூட்சுக்கு முன்னால் குப்புற விழுந்தார். கண்ணாடி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.

நான் குனிந்து, "எழுந்திரும் ஓய், குத்தும்!" என்றேன். "முடியலையே" என்றார். நான் என்ன செய்ய வேண்டும், நீரே சொல்லும். என்னை நானே குத்திக்கொள்வதா? அது சரித்திரத்தில் இல்லையே! ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். கடைசி ஆள் விழுந்ததும் வாசிக்க வேண்டும் என்று பேண்டுக்காரர்களுக்கு யாதிரா சொல்லி வைத்திருந்தாள். கடைசியாக விழுந்தது அன்செல்மோ. அவர்கள் வாசித்துவிட்டார்கள். உடனே செத்துக் கிடந்த பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் எழுந்து, "ஜெயிச்சுட்டோம்! ஆத்துத்தெரு ஜெயிச்சிடுச்சுடா!" என்று ஓடி வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நிக்கானோர் குழந்தைபோல் அழுதார். மேயருக்கு எழுதி வைத்ததைத் தவிர வேறு பேசத் தெரியாது, ஆகவே நான் பின்னால் தோளில் ஆடிக்கொண்டிருக்க, "அந்நியனின் கால் நம் மண்ணில் நிலைக்கவில்லை" என்று முழங்கினார். உண்மைதான், என் கால் அப்போது மண்ணில் இல்லை.

இப்போது என் நிலைமையைப் பாரும். மேட்டுத்தெருப் பெண்கள் ஒருத்திகூட என் மில்லுக்குச் சோளம் அரைக்க வருவதில்லை. தலையில் வாளியைச் சுமந்துகொண்டு என் வாசல் வழியாகவே, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த ஊர் மில்லுக்குப் போகிறார்கள். முடிவெட்டுபவனும் மேட்டுத்தெருக்காரன், "பிரெஞ்சு தாடிக்கெல்லாம் இங்க கத்தி எடுக்கறதில்ல" என்கிறான். மில் சுவரில் கரியால் துரோகி என்று எழுதியிருக்கிறார்கள், அதிலும் இரண்டு பேர் வேறு வேறு கையெழுத்தில். அன்செல்மோ மனைவி என்னைக் கண்டால் சிலுவைக்குறி போடுகிறாள். இத்தனைக்கும் நடுவில் அந்த யாதிரா சிரித்துக்கொண்டே வந்து, "வீடியோவை எவ்வளவு பேர் பார்த்திருக்காங்க தெரியுமா? இனிமே யார் ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே சொல்லாம விட்டுடலாம், இன்னும் விறுவிறுப்பா இருக்கும்" என்கிறாள். கால்பந்தாட்டம் என்று நினைத்துவிட்டாள்! "அம்மா, இது எங்க முன்னோருக்கு நடந்தது, நடந்ததை யாரும் விறுவிறுப்பாக்க முடியாது" என்றேன். எழுதிக்கொண்டாள். எதற்கு எழுதிக்கொண்டாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்றுக் கமிட்டி கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வருகிற பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, போரை மறுபடி நடத்த வேண்டும், ஊர் பார்க்க நான் ஒழுங்காகச் சாக வேண்டும். அதுவரை மேட்டுத்தெரு என் மில்லில் அரைக்காது. அன்செல்மோவின் முட்டியில் கட்டுப் போட்டிருக்கிறது, அவரால் முடியாது. வேறு எவன் அரிவாளை என் பக்கம் நீட்டினாலும் எனக்கு நம்பிக்கை இல்லை, என் மேல் இருக்கிற கோபத்தில் நிஜமாகவே குத்திவிடுவான். ஆகையால், கொம்பாத்ரே, மகள் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல், பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமைப் பேருந்தில் ஏறி வந்து என்னைக் கொன்றுவிட்டுப் போம். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். முப்பது வருஷப் பழக்கத்துக்கு நீர் செய்ய வேண்டிய கடமை இது. வராவிட்டால் நம் உறவு இத்தோடு சரி, உம் ஞானமகள் எதுவிகெஸ் கல்யாணத்துக்கும் வர வேண்டாம்.

எதுவிகெஸ் உம் கையை முத்தமிடுகிறாள். என் மனைவி ஒப்தூலியா உமக்கு மோலே குழம்புப் பொடி ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், இதோடு பேருந்து ஓட்டுநர் கையில் வரும். எல்லாப் புனிதர்களும் உம் முட்டிகளையாவது நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உம் கையால் சாகக் காத்திருக்கும்,
கர்னல் ஃபிதென்சியோ ஒலார்தே,
சோள மில் உரிமையாளர்.

பி.கு.: ஒப்தூலியா இதைப் படித்துவிட்டு உறையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "நடந்ததை அப்படியே எழுதுங்க, இல்லேன்னா இது பஸ் ஏறாது. நான் கோயில் படியில நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்கிறாள். ஆகையால் எழுதுகிறேன். அன்செல்மோ எழுந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டினார், அரிவாளைச் சரியான இடத்தில் வைத்து, நீர் குத்துவது போலவே குத்தினார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. "விழுங்க, தோன் ஃபிதென்சியோ, கெஞ்சிக் கேக்கறேன், விழுங்க" என்றார். நான் விழவில்லை. இரண்டாவது குத்துக்கு அவர்தான் மறுபடி விழுந்தார்.

ஏன் என்று கேட்காதீர். எங்கள் தாத்தா பன்னிரண்டு மணிக்கு விழுந்தார், அப்பா விழுந்தார், நான் முப்பது தடவை விழுந்தேன். பேண்டு வாசிக்கும்போது அந்தச் சதுக்கம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். அழகாக இருந்தது, கொம்பாத்ரே. ஒப்தூலியா கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமும் அதை ஆட்டியிருக்கிறாளாம், எனக்குத் தெரியாது.

அதனால் வாரும், கட்டாயம் வாரும். ஆனால் வியாழக்கிழமைப் பேருந்து வேண்டாம். பதினாறாம் தேதி திங்கட்கிழமை வந்தால் போதும்.