லெட்சுமிக்கு நான் கொடுத்த லஞ்சம்

‘ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி கண்ணே’ என்ற பழமொழியை யாரோ என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது எனக்கு முப்பது வயது. பிடித்தால் உடும்புப் பிடி. சுங்காய் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் விருந்தினர்களைத் தங்கவைத்து, இருவாச்சிப் பறவை, குரங்கு, மாடு எல்லாவற்றையும் தொல்லை கொடுக்காமல் காட்டப்போகிறேன் என்று கிளம்பினேன். என் பேச்சை நம்பி ஆறு வீட்டார் புது மெத்தை வாங்கினார்கள். ஈப்போவில் ஒரு சுற்றுலா நிறுவனத்திலிருந்து மிஸ் ஸ்டெல்லா நேரில் வந்து பார்த்து, சரி என்றால்தான் ஆட்கள் வருவார்கள். இல்லையென்றால் அந்த மெத்தைகளில் என்னைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள்.

பாதை தொடங்கும் இடத்தில் நானே பலகை எழுதி நட்டேன்: விலங்குகளை விரட்டாதீர், தொடாதீர், தீனி போடாதீர். (மூன்றாவது மட்டும் சிவப்பு மையில்.)

மிஸ் ஸ்டெல்லா வந்த அன்று, எங்கள் லயத்துச் சரோஜா அக்காவின் மாடு லெட்சுமி அந்தப் பலகைக்கு முன்னால், பாதையை அடைத்துப் படுத்திருந்தது. இரண்டு பக்கமும் கால்வாய். நாங்கள் வந்த வேன் போக வழியில்லை.

ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தார்.

“அண்ணே, அடிக்காதீங்க லா. இங்க சட்டம் இருக்கு,” என்றேன்.

“பரவால்ல சார். எப்ப எழுந்திரிக்கும்?” என்றார் ஸ்டெல்லா.

“அது இஷ்டம் மேடம். இங்க மிருகந்தான் முதலாளி.” (கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த வசனம்.)

முக்கால் மணி நேரம் போனது. லெட்சுமி என் தோள்பையையே பார்த்துக்கொண்டிருந்தது. அது ஏன் எழவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வெட்கம்.

புல்லுக்கட்டோடு வந்த சரோஜா அக்கா போட்டு உடைத்தார்.

“என்ன தம்பி, இன்னிக்குப் பழம் கொண்டு வரலையா? ஒரு வாரமா பத்து மணிக்கு இங்கதானே ஒரு சீப்பு குடுத்தீங்க? அதான் காத்துக்கிட்டு இருக்கு.”

(பலகைக்குப் பக்கத்தில் மாடு நின்றால் படம் அழகாக இருக்குமே என்று நான் ரகசியமாகக் கொடுத்த பயிற்சி.)

ஸ்டெல்லா சிவப்பு எழுத்தை இரண்டு முறை படித்தார். “இந்த மூணாவது சட்டம் யாருக்கு சார்?”

“எனக்குந்தான் மேடம். மீறிட்டேன். ஆனா இப்ப மாட்ட விரட்ட மாட்டேன். ஓரமா நடந்தே போலாம்.”

முதல் நாள் பெய்த மழையில் பாதை முழுக்கச் சேறு. பாதி வழியில் என் புதுச் சப்பாத்தின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. ஒரு மைல் நடந்து லயத்தை அடைந்தோம். ஆறு வீட்டாரும் வாசலில் நின்று ஸ்டெல்லாவின் முகத்தையே பார்த்தார்கள்.

எல்லா வீட்டையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ஆளுங்கள அனுப்புறேன். ஆனா பலகையில ஒரு வரி சேக்கணும்.”

அந்த நாலாவது வரி இன்னும் இருக்கிறது: ‘மணியத்துக்கும் இதே சட்டம்.’ மணியம் யார் என்று கேட்கும் விருந்தினர்களுக்கு சரோஜா அக்கா என்னைக் கைகாட்டுவார்.

வீட்டிலும் தப்ப முடியவில்லை. நான் எதற்காவது சட்டம் பேசத் தொடங்கினால் என் மனைவி ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். நானும் வாயை மூடிக்கொண்டு உரித்துத் தின்கிறேன்.